விதைத் திருவிழாவுக்கு யார் உபயம்?

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடந்த இருபது ஆண்டுகளில் தமிழகத்தில் ஒரு புதிய திருவிழா வேரூன்றியிருக்கிறது. நெல் திருவிழா, விதைத் திருவிழா, மரபு உணவுத் திருவிழா என்று ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும். ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளி வளாகத்திலோ உழவர்கள் கூடுகிறார்கள். தாம்பாளங்களிலும் மண்சட்டிகளிலும் நெல், சிறுதானியம், காய்கறி விதைகளைப் பரப்பி வைக்கிறார்கள். எந்த மண்ணுக்கு எது வரும், எத்தனை நாளில் அறுவடை, எந்தப் பூச்சி தாக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். மடியில் ஒரு பிடி புது விதையோடு ஊர் திரும்புகிறார்கள். இதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். விதையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். விழாவை நடத்தும் பணத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். இன்று அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய புரவலரை நம்பியோ, அரசின் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியோ, நடத்துகிறவரின் கைக்காசை நம்பியோ இந்த விழாக்கள் நெடுநாள் நிற்கா. செலவை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உபயதாரரைத் தேடி, கணக்கை ஊரறிய வைத்தால் நிற்கும். அந்த முறையைக் கற்க எங்கும் போக வேண்டியதில்லை. அண்ணாமலையார் தீபத்தை இந்த ஊர் நடத்துகிற முறை அதுதான்.

இந்த விழாக்களுக்கெல்லாம் முன்னோடி திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழா. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊட்டிய உணர்வில், 2006இல் நெல் ஜெயராமன் அதைத் தொடங்கினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி, பூங்கார், குழியடிச்சான் என்று வயலை விட்டே போய்விட்ட இரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். அவர் மீட்ட இரகங்களின் எண்ணிக்கை 170ஐத் தாண்டியது. அவர் கையாண்ட விதி எளிமையானது. விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்த விதியைச் சற்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேருக்குத் தலா 2 கிலோ கொடுத்தால் 200 கிலோ வெளியே போகிறது. மழை பொய்த்து, வெள்ளம் புகுந்து, மறதியும் சேர்ந்து, பாதிப் பேர் ஒன்றுமே திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐம்பது பேர் தலா 4 கிலோ தந்தாலே அதே 200 கிலோ களஞ்சியத்துக்கு வந்துவிடும். பாதிப் பேர் தவறினாலும் முதல் குறையாத ஏற்பாடு அது. மனிதர்களின் நல்ல எண்ணத்தை நம்பியது. அந்த எண்ணம் எல்லாரிடமும் எல்லா ஆண்டும் நிறைவேறாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பர் 6 அன்று, ஐம்பது வயதில், புற்றுநோய்க்கு ஜெயராமன் பலியானார். விழா அவரோடு முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டும் நடந்தது. விதை அதற்குள் ஆயிரக்கணக்கான உழவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்ததே அதற்கு முதல் காரணம்.

விதை தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் என்றால் பணம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு வகைச் செலவுகளுக்கு விதையால் விடை சொல்ல முடியாது. ஒன்று விழா நாளின் செலவு: மண்டப வாடகை, பந்தல், நாற்காலி, மைக் செட், சாப்பாடு, தூரத்திலிருந்து விதை கொண்டுவருகிறவருக்குப் பேருந்துக் கட்டணம், நோட்டீஸ், துணிப்பை, மறுநாள் குப்பை அள்ளும் கூலி வரை. இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. மற்றொன்று விழாவுக்கு வெளியே கிடக்கிற ஆண்டு முழுவதுமான செலவு. நெல் விதையை மூட்டை கட்டி வைத்துவிட்டால் நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத்திறன் சரிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இரகத்தையும் திரும்பத் திரும்ப விதைத்தாக வேண்டும். பக்கத்துப் பாத்தி இரகத்தோடு கலந்துவிடாமல் இடைவெளி விட்டு நட வேண்டும், கலவன் பயிரைக் கதிர் வரும்போது பார்த்துப் பிடுங்க வேண்டும், தனித்தனியே அறுத்து, அடித்து, காயவைத்து, பெயர் எழுதி வைக்க வேண்டும். ஓர் இரகத்தை ஒரு சென்ட் நிலத்தில் போட்டாலும் வேலை குறையாது. நூறு இரகம் என்றால் நூறு தனித்தனி அறுவடை. விளைச்சலோ சந்தைக்குப் போகும் அளவுக்கு இராது. விழா மேடையில் இந்த உழைப்பு தெரிவதில்லை. உண்டியலில் விழுகிற பணம் மைக் செட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது; விதை காக்கிறவர் தன் நிலத்தையும் தன் கூலியையும் போட்டு ஈடுகட்டுகிறார். தொண்டர்களே நடத்தும் விழாவுக்குச் செலவில்லை என்று நினைப்பது பெரிய பிழை. துண்டு விழுகிற தொகையை யாரோ ஒருவர் வீட்டுக்குத் தெரிந்தோ தெரியாமலோ கைக்காசாகக் கட்டுகிறார். அவர் சோர்ந்தாலோ, நோயுற்றாலோ, கடன்பட்டாலோ விழா நின்றுபோகிறது. அப்போது ஊர், ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசுகிறது. குறைந்தது ஆர்வம் இல்லை. ஒரே தோளில் ஏற்றிய பாரம் அந்தத் தோளைச் சாய்த்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். கார்த்திகை தீபத்தை ஒட்டி இங்கே கூடுகிற மாட்டுச் சந்தை பழமையானது. இந்த வட்டாரத்தின் வேளாண் கண்காட்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அது விற்கிறவரும் வாங்குகிறவரும் கைமாற்றும் பணத்தில் நடப்பது. விதைத் திருவிழாவில் அப்படிப் பெரிய விற்பனை இல்லை. விதையை விற்காமல் பரிமாறுவதுதான் அதன் உயிர். ஆகவே அதற்கான முன்மாதிரி சந்தையில் இல்லை, மலை உச்சியில் இருக்கிறது. 2,668 அடி உயர மலையின் மேல் ஏற்றும் மகாதீபத்துக்கு அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவும் அதற்கு மேலும் நெய் சேர்கிறது. அந்த நெய் ஒரு செல்வந்தரின் கொடையில் வருவதில்லை. கோயிலில் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று காணிக்கைச் சீட்டு கொடுக்கிறார்கள். எல்லாரும் கால் கிலோதான் தருவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 3,500 கிலோவுக்கு 14,000 பேர் போதும். பத்து நாள் உற்சவத்திலும் இன்ன நாள், இன்ன வாகனம், இன்ன மண்டகப்படி இன்னாருடையது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கொப்பரையையும் நெய்யையும் சுமந்து சென்று தீபம் ஏற்றும் பணி பருவதராஜ குலத்தாருடையது. தீபம் அணைந்த பிறகு கொப்பரையில் எஞ்சும் மை, ஆருத்ரா தரிசனத்தில் நடராசருக்குச் சாத்திய பின், நெய் கொடுத்தவர்களுக்கும் பக்தர்களுக்கும் பிரசாதமாகத் திரும்பி வருகிறது.

இந்த ஏற்பாட்டில் நான்கு கூறுகளைக் கவனிக்க வேண்டும். கேட்பது இன்ன பொருள் என்று தெளிவாக இருக்கிறது. ‘நன்கொடை தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. அளவு, கூலி வேலை செய்கிறவரும் எட்டக்கூடியதாக இருக்கிறது. உழைப்பும் பொருளும் தனித்தனியே பகிரப்பட்டிருக்கின்றன. சுமக்கிறவரையே நெய்யும் வாங்கச் சொல்வதில்லை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் கொடுத்தவர் கைக்குத் திரும்புகிறது. விதைத் திருவிழாவுக்கு இந்த நான்கையும் அப்படியே கொண்டுவரலாம். விழாக் குழு முதலில் செலவுப் பட்டியலை அச்சிட்டு ஊர் முன் வைக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கான அரிசி ஒருவர் உபயம், பருப்பு இன்னொருவர் உபயம், பந்தல் ஒரு தெருவின் உபயம், ஜவ்வாது மலையிலிருந்து சாமை விதை கொண்டுவரும் குடும்பங்களின் பேருந்துக் கட்டணம் ஒரு பள்ளி ஆசிரியர்களின் உபயம் என்று எழுதட்டும். உழவரிடம் பணமாகக் கேட்பதைவிட, சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் களத்தில் நெல் குவிந்திருக்கும்போது ஒரு மரக்கால் கேட்பது முறை. கையில் பணம் இல்லாத நாளிலும் களத்தில் நெல் இருக்கும். ஊர்ப் பணி செய்கிறவர்களுக்குக் களத்திலேயே பங்கு அளந்த பழக்கம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று.

உழவர் மட்டும் தருவதும் போதாது. மரபு விதை காக்கப்பட்டால் பயன் பெறுவது சோறு உண்கிற எல்லாரும்தான். ஆரணி அரிசி என்றால் தமிழகம் முழுதும் தெரியும்; அந்தப் பெயரில் பிழைக்கிற ஆலைகளும் கடைகளும் இந்த மாவட்டத்தில் நிறைய. கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் அன்னதானம் செய்கிற குழுக்கள் இருக்கின்றன. அரிசியைப் பற்றி நன்கறிந்த இவர்களிடம், சோறாகும் நெல்லுக்கு முந்தின கட்டமான விதைக்கும் ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை. கொடுத்தவர்களுக்குத் திரும்ப வர வேண்டியது சால்வையும் மேடை மரியாதையும் அல்ல. ‘உங்கள் உபயத்தில் இன்ன இரகம் இத்தனை பேருக்குப் போயிற்று, இத்தனை பேர் திருப்பித் தந்தார்கள், இத்தனை பேர் தரவில்லை’ என்ற ஒரு பக்கக் கணக்கும், அந்த இரகத்தின் ஒரு கைப்பிடி அரிசியும் போதும். தராதவர்களின் எண்ணிக்கையை மறைக்காமல் எழுதுவதுதான் அடுத்த ஆண்டு நம்பிக்கையைச் சம்பாதிக்கும்.

இது விழா நாளுக்கு. ஆண்டு முழுவதும் விதையைக் காக்கும் செலவுக்கு உபயம் போதாது. அதற்கு நிலைத்த முதல் வேண்டும். அதற்கும் நம்மிடம் ஆயிரம் ஆண்டு அனுபவம் கல்லில் இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர், சோழர் காலத்தில், நெய்யை வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்று கொடுத்தார். அந்த ஆடுகளை மன்றாடிகள் என்னும் இடையர்கள் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார்கள். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும். தொகை மட்டும் குறையக் கூடாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிப்பது இதைத்தான். முதலைத் தொடாமல் பலனில் வாழும் அறக்கட்டளை அது. ஆட்டைப் பார்த்துக்கொள்ளும் இடையருக்கும் அதில் பிழைப்பு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. விதை காப்பவருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு தேவை. ஓர் இரகத்துக்கு ஒரு கட்டளை என்று வைக்கலாம். ஒரு குடும்பமோ, பழைய மாணவர் சங்கமோ, வெளிநாட்டில் வாழும் இவ்வூர்க்காரர்களோ ஒரு தொகையை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டி இன்ன இரகத்தை ஆண்டுதோறும் விதைத்துத் தருகிற உழவரின் கூலிக்கு என்று எழுதி வைக்கட்டும். முறையாகப் பதிவு செய்த அறக்கட்டளை, தணிக்கை செய்த கணக்கு, இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு ஆகியவை இதற்கு அடிப்படை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். இவ்வளவு பேரிடம் ஏன் அலைய வேண்டும், ஒரு பெரிய நிறுவனம் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளுமே என்பார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றி 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு பேசுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனில் சுற்றறிக்கையிலேயே தெளிவாக்கிவிட்டது. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் புரவலர் செலவும் பின்னர் விதிகளில் விலக்கப்பட்டது. இதன் பொருள் என்ன? விழா நாளுக்கு ஒரு நிறுவனம் பணம் தந்தால் அது பெரும்பாலும் அதன் விளம்பரச் செலவிலிருந்து வருகிறது. விளம்பரம் பலன் தராத ஆண்டில் அது நிற்கும். பூச்சிமருந்தோ வீரிய விதையோ விற்கும் நிறுவனத்தின் பெயர் பந்தலின் முகப்பில் தொங்கினால், உள்ளே யார் பேசலாம், என்ன பேசக் கூடாது என்பதும் மெல்ல அந்தப் பந்தலோடு சேர்ந்து வரும். அதே நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை, ஆண்டு முழுதும் நடக்கும் விதைக் காப்புக்கு, நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து வாங்கலாம். அதை நான் மறுக்கவில்லை. விழாவை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

பெரிதாக வளர்ந்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கும் ஒரு பாடம் உண்டு. இங்கிலாந்தின் ராயல் ஷோ 1839இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது. அரச ஆதரவு பெற்ற வேளாண் சங்கம் நடத்தியது. நெடுங்காலம் ஊர் ஊராக நகர்ந்து நடந்த அந்தக் கண்காட்சி, 1963இல் ஸ்டோன்லி என்னும் இடத்தில் நிலையான மைதானத்தில் அமர்ந்தது. 2009இல், நட்டம் தாங்காமல், நிறுத்தப்பட்டது. அந்த நாட்டில் தொண்டர்களும் சந்தா கட்டும் உறுப்பினர்களும் நடத்துகிற சிறு ஊர்க் கண்காட்சிகள் பல இன்றும் நடக்கின்றன. பெரும் பெயரும் பெரும் மைதானமும் ஒரு விழாவைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப இடமில்லை.

அரசுதான் செய்கிறதே என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தது. நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் இரகங்களுக்கு ஓர் இயக்கமும் அறிவித்தது. அரசு விதைப் பண்ணைகளில் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்குத் தர ஏற்பாடு செய்தது. இது வரவேற்க வேண்டிய செயல். தொண்டர்களின் உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரமும்கூட. ஆனால் அரசு, பெயர் தெரிந்த இரகத்தைத்தான் பெருக்க முடியும். கலசப்பாக்கத்திலோ செங்கத்திலோ ஒரு கிழவி முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பெயரறியாக் கத்தரி விதை எந்தப் பட்டியலிலும் இராது. அது வெளியே வருவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘என்னம்மா அது?’ என்று கேட்கிற இடத்தில்தான். அரசின் திட்டம் ஆண்டு ஒதுக்கீட்டில் வாழ்வது. ஆட்சி மாறும், முன்னுரிமை மாறும். அரசிடம் மண்டபத்தை இலவசமாகக் கேளுங்கள், பேருந்து வசதி கேளுங்கள், வேளாண் துறை அதிகாரிகளை அழையுங்கள். விழாவின் உரிமையை ஊர் வைத்துக்கொள்ளட்டும்.

சாமிக்குக் கொடுப்பவர் விதைக்குக் கொடுப்பாரா என்று கேட்பார்கள். இது கனமான கேள்வி. நெய்க் காணிக்கையின் பின்னே பல நூற்றாண்டுப் பக்தி நிற்கிறது; விதைத் திருவிழாவுக்கு இருபது வயதுகூட நிரம்பாத ஊர்களே மிகுதி. நேற்றுத் தொடங்கிய விழாவுக்கு 14,000 பேர் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் விழாவுக்கு அத்தனை பேர் தேவையும் இல்லை. சில நூறு பேர் போதும். தவிர, நம் முன்னோர் அறத்தைக் கோயில் மதிலுக்குள் அடைத்து வைக்கவில்லை. ஏரி வெட்டினார்கள், மதகு கட்டினார்கள், ஏரி பராமரிக்க நிலம் விட்டார்கள், அவற்றையும் புண்ணியமாகவே எழுதி வைத்தார்கள். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்கிற இந்த மாவட்டம் அந்த அறத்தின் பலனை இன்றும் உண்கிறது. ஏரிக்குக் கொடுத்த கை விதைக்குக் கொடுக்கும். கேட்கும் முறையில் கேட்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் வைத்தால் இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவருக்கும் சொல்கிறேன். விதை கொண்டுவருகிறவரிடமும் விதை தேடி வருகிறவரிடமும் வாசலில் பணம் வாங்கினால், யாருக்காக விழாவோ அவரே தயங்கி நிற்பார். அரிசி, எண்ணெய், தின்பண்டம் விற்கக் கடை போடுகிறவரிடம் வாடகை வாங்குவது நியாயம். அவருக்கு வருமானம் இருக்கிறது. சிறு தொகைகளைத் திரட்டும் வேலை, வருகிற பணத்தைவிடப் பெரிது என்ற மறுப்பிலும் ஓரளவு உண்மை உண்டு. விழாவுக்கு முந்தின வாரம் ஐந்து பேர் ரசீதுப் புத்தகத்தோடு ஓடினால் அப்படித்தான் ஆகும். உபயம் என்பது ஒருமுறை ஏற்றுக்கொண்டால் ஆண்டுதோறும் தொடர்வது. முதல் ஆண்டு அலைச்சல் அதிகம். அடுத்தடுத்த ஆண்டுகளில் நினைவூட்டினால் போதும். பணம் திரட்டுகிறவர்கள் வேறு, விதை காப்பவர்கள் வேறு என்று பிரிப்பதும் முக்கியம். விதையறிந்தவரை வசூலுக்கு அனுப்பும் குழு, விதை, வசூல் இரண்டிலும் தோற்கும்.

தொண்டுக்கு எதற்குக் கணக்கு என்று நல்லவர்களே சொல்வதுண்டு. கணக்கு எழுதுவது தொண்டரைச் சந்தேகிப்பதாகாது. எவர் எவ்வளவு சுமக்கிறார் என்று அதில் எழுதியிருந்தால், அடுத்தவர் வந்து தோள் கொடுக்க முடியும். எழுதாத இடத்தில் ஒருவர் மட்டுமே சுமந்து ஓய்ந்துபோகிறார், அவரோடு விழாவும் ஓய்கிறது. ஆகவே இந்த மாவட்டத்தில் விதைத் திருவிழா நடத்தும் ஒவ்வொரு குழுவையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சென்ற விழாவுக்கு ஆன செலவு முழுவதையும், உங்கள் கைக்காசு உட்பட, ஒரு தாளில் எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுங்கள். அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு வெற்றிடம் விடுங்கள். இங்கே வந்திருக்கும் வணிகர்கள், ஆசிரியர்கள், அன்னதானக் குழுவினர், வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வெற்றிடத்தில் உங்களால் இயன்ற ஒரு வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள். ஒரு சிப்பம் அரிசியாக இருந்தாலும் சரி, நாற்காலி வாடகையாக இருந்தாலும் சரி, ஆண்டுதோறும் எழுதுங்கள்.